அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்

ஆகஸ்ட் 12, செவ்வாய். ராஜபாளையம்

கேஸ் ஏஜென்சிக்குப் போய் இணைப்பை ஒப்படைத்துவிட்டு வந்தால், அம்மா பக்கத்து வீட்டு அடுப்பை வாங்கிவந்து வைத்துச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். இடது கையில் மாவுக்கட்டு, வலது கையில் கரண்டி. கிளம்புகிறவரை ஓட்டலில் வாங்கிக்கொள்ளலாம் என்று காலையில்தான் பேசி வைத்திருந்தேன். அந்தச் சாம்பாரை எவன் குடிப்பான் என்று குக்கரைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆபீஸில் ஒரு வாரம்தான் லீவு கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் இந்த வாடகை வீட்டைக் காலி செய்து, அம்மாவை ஆவடிக்கு, என்னோடும் மனைவி வின்சியோடும் இருக்கக் கூட்டிப்போக வேண்டும். அப்பா போன பிறகு ஒன்பது வருஷமாகத் தனியாக இருக்கிறாள். எழுபத்து மூன்று வயது. போன மாதம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து மணிக்கட்டு முறிந்திருக்கிறது. எனக்கு அது நாலைந்து நாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் சபைப் போதகர் போன் பண்ணியதால். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எனக்கென்னலே, நல்லாத்தான இருக்கேன்" என்றாள்.

காய்ச்சல் வந்தாலும் எனக்கென்ன, கை முறிந்தாலும் எனக்கென்ன. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஆவடிக்கு வருகிறாயா என்று கேட்டால் மட்டும், நீ சொன்னாச் சரிதான் என்கிறாள். அவ்வளவு லேசாகச் சம்மதிக்கிற ஆள் இல்லையே இவள்?


ஆகஸ்ட் 13, புதன்

அட்டைப்பெட்டிகள் வாங்கிக்கொண்டு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. சாவி வீட்டுக்காரம்மாவிடம். "அம்மா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருக்காங்க தம்பி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவாங்கல்ல" என்றார். எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிகிறது. மருமகளிடம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

விழுந்த அதே பஸ். கட்டுப் போட்ட கையோடு!

எங்கே போயிருப்பாள் என்று தெரியும். ஆவுடை அத்தை வீடு. ஆவுடையம்மாளும் அம்மாவும் பேண்டேஜ் கம்பெனியில் ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து காஸ் துணி மடித்தவர்கள். வேலையை விட்டதும் ஒன்றாகத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரையில் அத்தைக்குப் பார்வை போய்விட்டது. மகன் வேல்பாண்டி திருப்பூரில் இருக்கிறான், மாதம் ஒருதடவை வந்து பார்த்துவிட்டுப் போவான்.

நானும் பஸ் ஏறிப் போனேன். திட்டத்தான் போனேன். கதவு திறந்தே கிடந்தது. அம்மா தரையில் தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்க, பின்னால் அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து தடவித் தடவிச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையை வைத்துக்கொண்டு அம்மா எப்படிக் கொண்டை போடுகிறாள் என்று இத்தனை நாளில் எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை பின்னி முடிக்கிறவரை வாசலிலேயே நின்றேன். பிறகு திட்டினேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கம்.


ஆகஸ்ட் 14, வியாழன்

மிக்சி ஆவுடை அத்தைக்காம். துணி காயப்போடும் ஸ்டாண்டு ஆவுடை அத்தைக்காம். பீரோவை மட்டும் சபைக்குக் கொடுக்கச் சொல்கிறாள். எல்லாவற்றையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். ஆவடியில் எல்லாம் இருக்கிறதே, யாருக்குக் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். மடையன்.

(இந்தக் கடைசி வார்த்தை பதினெட்டாம் தேதி சேர்த்தது.)


ஆகஸ்ட் 16, சனி

இன்று கத்திவிட்டேன். முழங்கால் வலிக்கு எடுக்கிற மாத்திரை எது என்று கேட்டேன். எனக்கு ஒண்ணும் வலி கிடையாது என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொல்கிறாள்! உனக்கு ஒண்ணும் வேண்டாம், யாரும் வேண்டாம், அப்புறம் நான் எதுக்கும்மா ஒரு பிள்ளைன்னு இருக்கேன்னு கேட்டுட்டேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அம்மா அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். இதுதான் இவளிடம் தாங்க முடியாதது. சண்டை போட்டால் திரும்பச் சண்டை போடு. காப்பி கொண்டு வராதே.


ஆகஸ்ட் 17, ஞாயிறு. ரயிலில்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

சாயங்காலம் ராஜபாளையத்தில் சென்னை வண்டி ஏறினோம். சபையிலிருந்து ஏழெட்டுப் பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள், ஜெபம் பண்ணினார்கள். அம்மா எல்லார் கையையும் பிடித்துப் போயிட்டு வாரேன் என்றாள். பெரிய பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளினேன். லோயர் பெர்த்தில் அவளுக்குப் போர்வை விரித்தேன். தண்ணீர் பாட்டில் வாங்க மறந்துவிட்டதே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வண்டி வேகம் குறைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர். நிமிர்ந்தால் அம்மா சின்னப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறாள்.

பாத்ரூமுக்கு என்று நினைத்து, வண்டி நிக்கப்போகுது, பொறவு போ என்றேன்.

"நிக்கும்னுதான் எந்திரிச்சேன். நான் இங்ஙன இறங்கிக்கிடுதேன்யா."

எனக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. வீடு கிடையாது, எங்கே போவாய் என்றேன். ஆவுடை இருக்காள்லா என்றாள்.

"அவியளுக்கே கண்ணு தெரியாதும்மா!"

"எனக்குத் தெரியும்லா. அவளுக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு."

எதிர் சீட்டில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை வீட்டிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா, எதுக்கு டிக்கெட்டு, எதுக்கு இவ்வளவு தூரம் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"ஒன் மூஞ்சியப் பாத்து மாட்டேன்னு சொல்ல எனக்கு வரலைலே. தெனமும் சொல்லணும்னு நெனப்பேன். நீ பெட்டி கட்டிக்கிட்டு இருப்ப." அப்புறம், "வின்சிகிட்ட சொல்லு, அவ மேல கோவம் ஒண்ணும் இல்லன்னு" என்றாள்.

நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு கையால் பெர்த் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து. நான் பின்னாலேயே போனேன். தடுக்கத்தான் போனேன், சத்தியமாக. கதவுக்குப் போனதும் அவள் படியைப் பார்த்துத் தயங்கினாள். பிளாட்பாரம் கீழே இருந்தது. கட்டுப் போட்ட கையால் எதையும் பிடிக்க முடியாது.

நான் முதலில் குதித்து, அவளை இடுப்போடு பிடித்து இறக்கிவிட்டேன்.

நானே இறக்கிவிட்டேன்.

கூட்டிக்கொண்டு திரும்ப ஏறியிருக்கலாம். நானும் அங்கேயே நின்றிருக்கலாம். பெட்டி உள்ளே, லேப்டாப் உள்ளே, நாளை வேலை. வண்டி நகர்ந்தது. "பாத்து ஏறு" என்றாள். ஓடி ஏறினேன். பிளாட்பாரத்தில் அவள் யாரோ ஓர் ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டு நடந்துபோவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

சிவகாசி தாண்டி டிடிஇ வந்தார். லேடீஸ் சீனியர் சிட்டிசன் எங்கே என்று கேட்டார். இறங்கிட்டாங்க என்றேன். எங்கே? ஸ்ரீவில்லிபுத்தூர்ல. சென்னைக்கு டிக்கெட் எடுத்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கினார்களா என்று சிரித்தார். அந்த பெர்த்தில் இப்போது காலில் கட்டோடு ஒரு பெரியவர் தூங்குகிறார். நான் விரித்த போர்வையில்.


ஆகஸ்ட் 18, திங்கள். ஆவடி

வின்சி ஆட்டோ சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். ஆட்டோவுக்குள் பார்த்தாள்.

சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபம்தான், ஆனால் அம்மா மேல் இல்லை. ஆஸ்பத்திரியில் மேட்ரனிடம் கெஞ்சி நைட் டூட்டியை மாற்றி வாங்கியிருக்கிறாள். மகள் எலினா தன் அறையைக் காலி செய்துவிட்டு ஹாலுக்குப் படிக்க வந்திருக்கிறாள். "எல்லாரையும் அலைக்கழிச்சீங்களே, அவங்ககிட்ட ஒரு தடவையாவது நிஜமா கேட்டீங்களா?" என்றாள்.

கேட்டேனே. வருகிறாயா என்று கேட்டேன். நீ சொன்னாச் சரிதான் என்றாள். நிஜமாகக் கேட்பது என்றால் வேறு எப்படிக் கேட்பது?


ஆகஸ்ட் 20, புதன்

அம்மா போன் எடுக்கவில்லை. சார்ஜ் போட மறந்திருப்பாள். நானும் இன்னொரு தடவை அடிக்கவில்லை.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வேல்பாண்டி கூப்பிட்டான். நல்லா இருக்கீகளாண்ணே என்று இழுத்தான். பிறகு விஷயத்துக்கு வந்தான். "அண்ணே, ஒங்க அம்மா எங்க வீட்ல இருக்காக. எங்கம்மாவப் பாக்க ஆள் வச்சிட்டோம்னு ஊர்ல பேசுதாங்க. எனக்கு நாக்கப் புடுங்கிக்கிடலாம் போல இருக்கு."

என் அம்மாவை உங்கள் வீட்டில் தள்ளிவிட்டேன் என்று எங்கள் சபையில் பேசுகிறார்கள் என்றேன். அவன் அவனுடைய அம்மாவைத் திருப்பூருக்கு வரச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். அத்தை சொல்கிற பதில் என்ன தெரியுமா? "எனக்கென்னடா."

சிரித்துவிட்டேன். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு. அவனும் சிரித்தான். போனை வைத்ததும் திரும்ப எரிச்சல் வந்துவிட்டது.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

அம்மா பேசினாள். எலினா பரீட்சை எப்படி எழுதினாள், அங்கே மழை உண்டா, சாப்பிட்டாயா. கட்டுப் பிரித்தாகிவிட்டதாம். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எனக்கென்ன என்றாள். போனை வின்சியிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.


செப்டம்பர் 11, வியாழன்

மத்தியானம் ஆபீஸில் மீட்டிங் நடுவே அம்மா போன். அவளாக அந்த நேரத்தில் கூப்பிடமாட்டாள். பதறிக்கொண்டு வெளியே வந்து எடுத்தேன்.

விழவில்லை. யாருக்கும் ஒன்றும் இல்லை. முதலில் அதைத்தான் சொன்னாள். பின்னால் ஆவுடை அத்தை, சொல்லு, சொல்லேன் என்பது கேட்டது.

"ஏலே ஜோயல், இங்க பாத்ரூம்ல தரை ரொம்ப வழுக்குது. புடிச்சுக்கிட ஒண்ணும் இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் பயமா இருக்குலே. நீ வந்து செவுத்துல ஒரு கம்பி வச்சுத் தருவியா?"

ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா பயமா இருக்கு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்பா செத்த அன்றைக்குக்கூட.

வருகிறேன் என்றேன். என்றைக்கு என்று கேட்டாள். சனிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன் என்றேன். கறி எடுக்கட்டுமா என்றாள். எடு என்றேன்.

வேல்பாண்டியிடம் சொன்னேன். அவனிடம் ட்ரில் மெஷின் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமை ராத்திரியே கொண்டு வந்துவிடுகிறானாம். டைல்ஸ் விரிசல் விடாமல் போடத் தனி பிட் வேண்டும், அதை நான் வாங்க வேண்டும். சுவரில் எந்த உயரத்தில் வைப்பது என்று வின்சி கேட்டாள். தெரியவில்லை. இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கை எட்டுகிற இடத்தைக் கேட்டுத்தான் குறிக்கணும்.