தங்கம் விழுங்காத ஒளி

ஜூலை 9

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. வாய்மொழித் தேர்வு முப்பதாம் தேதி, பெங்களூரில். அதுவரை சங்கரன்கோவிலில் அம்மா சமையலைச் சாப்பிட்டுத் தூங்கலாம் என்றுதான் வந்தேன். விட்டால்தானே! இசக்கித்துரை போனில் கூப்பிட்டான். கரிவலம்வந்தநல்லூர்க்காரன், ஆய்வகத்தில் எனக்கு ஜூனியர். என் கணக்கைச் சோதனையில் செய்துகாட்ட வேண்டியவன். கண்ணுக்குத் தெரியாத இரண்டு வட்டத் தங்கத் தட்டுகள் தொட்டும் தொடாமலும் நின்றால், நடு இடுக்கில் ஒளி எவ்வளவு பெருகும் என்பதுதான் கணக்கு. என் விடை யாரும் எதிர்பாராத அளவு பெரிது. அதற்காகத்தான் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு சாம்பிள் பண்ணிட்டேன்க்கா. நீங்க சொன்ன வெளிச்சம் வரல" என்கிறான்.

ஜூலை 10

சாம்பிளில் அழுக்கு இருந்திருக்கும். வேறென்ன?

ஜூலை 13

நிரூபணத்தை முதலிலிருந்து பார்த்தேன். கலப்பெண் தளத்தில் இரண்டு வட்டங்களையும் இரண்டு இணைகோடுகளாக விரிக்கும் இடம் — சரி. எல்லைகள் — சரி. அப்புறம் ஏன் வெளிச்சம் வரவில்லை?

"ஏட்டி, என்ன பேயறைஞ்சவ மாதிரி இருக்க? தோசை ஆறிப்போவுதுல்லா" என்று அம்மா சத்தம் போட்டாள். ஒரு வாய் இறங்கவில்லை.

ஜூலை 17

மூன்றாவதும் வரவில்லை. எங்கள் வழிகாட்டி சார் அவனைத்தான் திட்டியிருக்கிறார்.

"கணக்கு தப்பாதாம்க்கா, என் கைதான் வெளங்காதாம். இன்னொருவாட்டி வரலன்னா மிஷினை வேற ஆளுக்குக் குடுத்துருவாவளாம்."

"பதறாம பண்ணுடே" என்றேன். பெரிய ஆறுதல்!

ஜூலை 20

ஐயோ.

வடிவக் கணக்கில் தப்பே இல்லை. தங்கத்தின் எண்ணில் இருக்கிறது. அலையின் காலத்தை இயற்பியல்காரர்கள் ஒரு குறியில் எழுதுவார்கள், பொறியியல்காரர்கள் எதிர்க்குறியில். என் சமன்பாடு இயற்பியல் வழக்கம். தங்கத்தின் அளவையோ பொறியியல் அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன். ஒளியை எவ்வளவு விழுங்கும் என்று சொல்லும் கற்பனைப் பகுதியின் குறியை மாற்றவில்லை. ஒளியை விழுங்க வேண்டிய தங்கம் என் கணக்கில் ஒளியைச் சுரந்துகொண்டிருக்கிறது! வெளியே சிதறி வீணாகும் ஒளியை அது ஈடுகட்டிவிட, வரைபடத்தின் முகடு வானத்துக்கு ஏறியிருக்கிறது. குறியைத் திருத்தினேன். நாற்பதில் ஒரு பங்காகப் படுத்துவிட்டது. இசக்கித்துரை அளந்தது அதைத்தான். அவன் கையில் ஒரு பழுதும் இல்லை.

ஒரு கழித்தல் குறி. ஏட்டி மடச்சி, அஞ்சு வருஷம் என்னத்தப் பாத்த?

ஜூலை 21

அவனிடம் சொல்ல வேண்டும். சாரிடமும். சொன்னால் தேர்வு நிற்கும், ஏடு குப்பைக்குப் போகும், இந்தப் பட்டத்தை நம்பிக் கிடைத்திருக்கும் புது வேலையும் போகும். காலையிலிருந்து போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. நாளைக்குக் கட்டாயம் சொல்லிவிடுவேன்.

ஜூலை 22

அவனே கூப்பிட்டுவிட்டான். "அக்கா, வந்துட்டு! வெளிச்சம் வந்துட்டுக்கா!"

வரைபடம் அனுப்பினான். என் கோட்டின் மேல் அவன் புள்ளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட விலகவில்லை. அளந்து எடுத்த புள்ளி அப்படி உட்காருமா? அதுவும் வரவே முடியாத ஒளிக்கு? அடப்பாவி, என்ன செய்து வைத்திருக்கிறாய்! இது அளந்ததல்ல, வரைந்தது.

"சந்தோஷம்டே" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

ஜூலை 30

பட்டம் உறுதி. கைதட்டினார்கள். அவன் படத்தைத் திரையில் போட்டபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான்.

ஆகஸ்ட் 7

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தாயிற்று. தெருவில் நடக்க இடமில்லை. எனக்குப் பட்டம் கிடைத்ததற்காக அம்மா கோயிலுக்கு மாவிளக்கு எடுத்துப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து இசக்கித்துரை வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஜப்பான்ல ஒரு லேப்ல நம்ம சோதனையைத் திருப்பிப் பண்ணப் போறாவளாம்க்கா. சார் சொன்னாவ."

"சரி."

"நான் உங்க கணக்கை நம்பித்தான்க்கா அந்தப் படத்தை... என் கைக்கு வரலன்னாலும் நல்ல கைக்கு வரத்தானே செய்யும்னு..." நிமிர்ந்தான். "கணக்கு சரிதானேக்கா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரிதான்டே" என்றேன்.

அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, தபசு பார்க்கப் போனான்.