மரங்கள் விழுந்த வாரம்

செப். 17, வியாழன்
காலையிலிருந்து தூறல். இன்று பத்து ஆங்கிலச் சொல். ரிலக்டன்ட்: மனமில்லாமல். மெலங்கலி: காரணம் தெரியாத வருத்தம். எனக்குக் காரணம் தெரியும். தலாக் ஆகித் தியாகதுருகத்தில் பெற்ற அத்தாவிடமே திரும்பி ஏழு மாதம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் நேர்காணல். ஓட்டலில் வரவேற்பாளர் வேலை. ஆங்கிலம் சரளமாக வர வேண்டுமாம். பேசிப் பார்க்க ஆளில்லை, கண்ணாடியோடு பேசினேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

செப். 19, சனி
பஸ் இல்லை. பால் இல்லை. அத்தா கடை திறக்கவில்லை.

"திங்கக்கெழம போவலன்னா வேல போயிடும் அத்தா."

"எந்தப் பக்கமும் வண்டி போவலயேம்மா."

பத்துச் சொல். இரண்டு மறந்தது.

செப். 20, ஞாயிறு
மதியம் மருந்துக்கடை சேகர் அண்ணன் வந்தார். "ரோட்ல ஒரு காரு மாட்டிக்கினு கீது. வடநாட்டுப் பொம்பள, மாசமா கீது. அழுதுக்கினே இங்கிலீசுல இன்னாவோ சொல்லுது, டிரைவருக்கும் புரில. நீ வாம்மா."

அத்தாவும் கூட வந்தார். எழுநூறு சொல் படித்தவள் வாயில் வந்தது "பெயின்? வேர்?" மட்டும். அவள் வயிற்றைத் தொட்டாள். "பேபி நாட் மூவிங்."

மறியலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னேன். பெரியவர் ஒருவர் எழுந்தார். "டேய், கட்டிலு எடுத்தாங்கடா." விழுந்த மரங்களைத் தாண்டி நாலு பேர் அவளைக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரி வரை அவள் என் கையை விடவில்லை.

நர்ஸ் காது வைத்துக் கேட்டார். "துடிப்பு நல்லா கீது. சொல்லு அவங்ககிட்ட."

"பேபி ஓகே. ஹார்ட் ஓகே." அதற்கும் அழுதாள்.

சாயங்காலம் வரை பக்கத்திலேயே இருந்தேன். உன் கணவர் எங்கே என்று கேட்டாள். தலாக் என்றேன். பிறகு, நானே எதிர்பாராமல், "ஐ மிஸ் ஹிம்." தமிழில் யாரிடமும் சொன்னதில்லை. அவள் என் தலையைத் தடவினாள்.

செப். 21, திங்கள்
பத்து மணி ஆனது. துணி துவைத்தேன்.

செப். 24, வியாழன்
நேற்று மரங்களை அகற்றினார்கள். இன்று காலை அவள் கணவன் ஆஸ்பத்திரிக்கு வந்து கூட்டிப் போனான். கார் கண்ணாடி வழியாகக் கையசைத்தாள். விலாசம் கேட்கத் தோன்றவில்லை. சென்னைக்குப் போன் போட்டேன். இடம் நிரம்பிவிட்டதாம்.

சொல் எதுவும் படிக்கவில்லை. மாலை அத்தாவுக்கு டீ கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றேன்.

"அத்தா."

"இன்னாம்மா?"

"அவரு நெனப்பாவே கீது" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணுமில்ல. டீ ஆறுது."