பன்னிரண்டு நொடி முதுகு

மார்ச் 4, புதன்

எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் தொலைக்காட்சியைப் போட்டேன். காலைச் செய்திக்கு முன்னாலேயே வந்துவிட்டது, நான் எடிட் செய்த கட்சித் தேர்தல் விளம்பரம். இருண்ட மாடிப்படி. பையோடு ஏறும் ஒருவனின் முதுகு. ‘நாளை உங்கள் கதவைத் தட்டப்போவது யார்?’ முப்பது நொடியில் பன்னிரண்டு நொடி அந்த முதுகுதான்.

அது எங்கள் குழாய்க்காரருடையது. எங்கள் ஸ்டூடியோவிலும் குழாய் சரிசெய்ய அவர் வந்த அன்று, படிக்கட்டில் வெளிச்சம் போதுமா என்று பார்க்க கேமராக்காரர் எடுத்த சோதனை ஷாட். நடிகரைத் தேட நேரமில்லாததால் நான்தான் அதைத் தோண்டி எடுத்தேன். வேகத்தைப் பாதியாக்கி, நிறத்தை உறிஞ்சி, செருப்புச் சத்தத்தை நீக்கி பூட்ஸ் சத்தம் வைத்தேன். “முதுகே பேசுது மேடம்” என்றார் இயக்குநர். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 7, சனி

எதிர்வீட்டில் இரண்டாவது தாழ்ப்பாள் போடுகிறார்கள். துளைக்கும் சத்தம் தலைக்குள்ளேயே கேட்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறதென்று குழாய்க்காரரை வரச் சொல்லியிருந்தேன். வேலை முடிந்து வந்தால் வாளி நிரம்பி வழிகிறது. அத்தை கதவையே திறக்கவில்லையாம்.

“தோளச் சரிச்சுக்கிட்டு அவன் ஏறி வந்த விதமே சரியில்ல. டிவில வர்றவன் மாதிரியே இருந்தான்.”

“அத்தை, அவர் பத்து வருஷமா நம்ம வீட்டுக்கு வர்றவரு.”

“பத்து வருஷமா நோட்டம் பாத்திருக்கான்.”

சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது. அந்த நடையை இவர்கள் மனதில் பதியவைத்தது யார்? நான்தானே.

மார்ச் 13, வெள்ளி

தெருமுனையில் அவரைப் பார்த்தேன். இந்த வாரம் நான்கு வீட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். துவைத்த சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டுதான் போகிறாராம். எங்கே தப்பு என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! சட்டை நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

பிறகு அவரே பேச்சை மாற்றுகிறவர்போல மகளைப் பற்றிச் சொன்னார். “அந்த விளம்பரம் வந்தா போதும்க்கா. ஓடி வந்து எம்முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும்.”

அவருக்கே தெரியவில்லை. தன் முதுகைத் தானே எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

மார்ச் 15, ஞாயிறு

எதிலும் கை ஓடவில்லை. ஒரே பாத்திரத்தை மூன்று முறை கழுவினேன்.

மார்ச் 16, திங்கள்

அந்த ஷாட்டை எடுத்துவிடலாம் என்றேன். முகம்தான் தெரியவில்லையே, யாருக்கு என்ன நஷ்டம் என்றார் இயக்குநர். கட்சிக்காரர்களுக்கு அந்த முதுகு ரொம்பப் பிடித்துப்போய், இரண்டாவது விளம்பரமும் கேட்கிறார்களாம். இந்தமுறை கதவைத் தள்ளும் கையும் வேண்டுமாம்.

“அதே ஆளக் கூப்பிடுங்க மேடம். குழாய் வேலைன்னு சொல்லுங்க, வந்துடுவார். கேமராவ மறைச்சு வச்சுக்கலாம்.”

நானும் அழைத்துவிட்டேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் மனிதர் இரண்டு தடவை நன்றி சொன்னார். சே.

மார்ச் 17, செவ்வாய்

பத்து மணிக்கு வருகிறார். ஸ்டூடியோ வாசலிலேயே நிறுத்தி, பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போகப்போகிறேன். என் போனில் முதலில் விளம்பரம், அப்புறம் நான் கைவைக்காத அந்தச் சோதனை ஷாட், இரண்டையும் காட்டுவேன். செய்தது நான் என்று சொல்வேன். அவர் எங்கே முறையிடப் போனாலும் கூடப் போய் அதையே திரும்பச் சொல்வேன்.

இயக்குநர் இரண்டு முறை அழைத்துவிட்டார், ஆள் வருவது உறுதிதானா என்று. உறுதி என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.