பாதுகாப்பான இடம் எண் 8

நாள் 211, காலை 9.10
சுற்றுப்பாதை நிலையத்தில் நான், மயூரதன், ஒருவன்தான். கீழே போர் நடக்கும் கரையில் மருத்துவமனைகள் இருக்கும் இடத்தை அளந்து, தரையில் பாதுகாப்பான இடங்களின் பட்டியல் போடும் அலுவலகத்துக்கு அனுப்புவது என் வேலை. 'இங்கே குண்டு போடாதீர்கள்' என்று அவர்கள் விமானப்படைக்குச் சொல்வார்கள், வானொலியிலும் வாசிப்பார்கள். 91 நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கரைக்கு மேலே போவேன். ஏழு நிமிடம் கீழே இருப்பவர்களோடு பேசலாம். இன்று இடம் எண் 7: பள்ளிக்கூடத்தில் நடக்கும் மருத்துவமனை, 212 நோயாளிகள். அனுப்பியாயிற்று.

நாள் 212, காலை 11.40
நேற்று அனுப்பிய எண் 7இல் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டியிருக்கிறேன். இடம் ஒரு கிலோமீட்டர் தள்ளி உப்பளத்தில் விழுந்திருக்கிறது. திருத்தப் போகையில் அந்தப் பள்ளிக்கூட மருத்துவமனையின் தாதி தமயந்தி அழைத்தாள்.
"அண்ணை, பெரிய குண்டு ஒண்டு போட்டவங்கள். உப்பளத்துக்க விழுந்தது. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை! உங்கட பட்டியல் எங்களைக் காப்பாத்திப்போட்டுது."
என் பிழையின் மேலேயே விழுந்திருக்கிறது. அங்குலம் பிசகவில்லை.
முன்பு சரியாக அளந்து கொடுத்த ஆறு இடங்களிலும் குண்டு விழுந்தது. தற்செயல் என்றார்கள், நம்பினேன். துல்லியத்துக்குப் பாராட்டுக் கடிதம் வேறு. சுவரில் ஒட்டி வைத்திருந்தேன், வெட்கங்கெட்டவன்.

நாள் 213, பிற்பகல் 2.05
இனிப் பொய்தான். இடம் எண் 8 என்று ஆற்றுக்கு அப்பால் ஆளில்லாத வெளியைக் கொடுத்தேன். போடட்டும். தமயந்தியிடம் சொல்லவில்லை, எங்கள் பேச்சை அலுவலகமும் கேட்கிறது. பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

நாள் 214, காலை 10.22
"அண்ணை, பள்ளிக்கூடத்தை விட்டுட்டு எட்டாம் இடத்துக்குப் போகச் சொல்லி ரேடியோவில சொன்னவங்கள். சனம் பயந்தது. அண்ணை அளந்த இடம், பிழைக்காது எண்டு நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். எல்லாரும் வந்து சேர்ந்திட்டம்."
வானொலியை எப்படி மறந்தேன்? ஓடுங்கள் என்று கத்தினேன். தொடர்பு எல்லை தாண்டிவிட்டது.

10.31
அலுவலகத்துக்கு: "எட்டு பொய். நீக்குங்கள்."
பதில்: "பட்டியல் விமானப்படைக்குப் போய்விட்டது. சேவைக்கு நன்றி."

11.53
ஆற்றுக்கு அப்பால் புகை. தமயந்தி. தமயந்தி. பதில் இல்லை. அளந்து பார்த்தேன். அங்குலம் பிச

11.58
இதைக் கண்டெடுப்பவரே, அவர்களை அங்கே அனுப்பியது நான். திரையில் அலுவலகம் கேட்கிறது: "இடம் எண் 9 இன்னும் வரவில்லை. தாமதம் ஏன்?"