பட்டை இறுகும்போது

செவ்வாய், ராத்திரி

கண்புரை ஆபரேஷனை இன்னைக்கும் தள்ளிப் போட்டுட்டாங்க. இது மூணாவது தடவை. காலையில வீட்டு மெஷின்ல நூத்தி முப்பது காட்டின பிரஷர், ஆஸ்பத்திரியில நர்ஸ் என் இடது கையில பட்டையைச் சுத்தினதும் நூத்தி எழுபதுக்கு ஏறிடுச்சு.

"காலை ஆட்டாதீங்கமா"ன்னு நர்ஸ் சொன்னப்புறம்தான் குனிஞ்சு பார்த்தேன். தறி மிதிக்கிற மாதிரி ரெண்டு காலும் மாறி மாறித் தரையை மிதிச்சுக்கினு இருக்குது. எனக்கே தெரியல.

"அடுத்த தடவை பயப்படாம வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. எப்படி வர்றதுன்னு யாரும் சொல்லல.

வீட்டுக்கு வந்ததும் தறியில உட்கார்ந்தேன். ஜரிகை மங்கலாத்தான் தெரிஞ்சுது. போகட்டும், காலுக்குத் தெரியும்னு மிதிக்கட்டையை அழுத்தினேன். இடது கையில பட்டை இறுகுற மாதிரி இருந்துச்சு. எழுந்துட்டேன்.

இத்தனை நாளா பயமில்லாம நான் உட்கார்ந்த இடம் அந்தத் தறி ஒண்ணுதான்.