நாரைக்கு முன்னால் பேசக்கூடாது

2025 மாசி (பெப்ரவரி) 9, ஞாயிறு

என் சொந்த வீட்டு வளவில் நான் வாய் திறக்கக்கூடாதாம். பேத்தி கஜானி சட்டம் போட்டிருக்கிறாள். தை மாதக் காற்றில் மரத்திலிருந்து விழுந்த நாரைக்குஞ்சு ஒன்றை, அவள் படிக்கிற கம்பஸ்காரர் அனுமதிக் கடிதமெல்லாம் எடுத்து, என் கிணற்றடிக்குப் பின்னால் கம்பிக்கூடு அடித்து வைத்திருக்கிறார்கள். அருகிப்போகிற இனமாம். மனிசக் குரலுக்குப் பழகினால் வெளியில் விட முடியாதாம்.

எனக்கு எழுபத்தாறு வயது. கட்டினவரே என்னை வாயை மூடு என்று சொன்னதில்லை. சொல்லத் துணிந்ததில்லை.

மாசி 13, வியாழன்

கஜானி தீன் கொடுக்கிற கோலத்தைப் பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி. கையில் நாரைத் தலை மாதிரி ஒரு பொம்மை. அதன் சொண்டால் மீனைக் கவ்விக் கொடுக்கிறாள். உதென்னடி பேய்க்கோலம் என்று கேட்க வாயெடுத்தேன். விரலை வாயில் வைத்துக் காட்டுகிறாள் — எனக்கு!

பிறகு குசினிக்குள், அடுப்படிக்கு வந்துதான் சொன்னாள்: "அம்மம்மா, மனிசர்தான் சாப்பாடு தாறது எண்டு அது நினைச்சால் ஆரைக் கண்டாலும் கிட்டப் போகும். கடைசியிலை ஆரின்ரையும் கறிச்சட்டிக்குள்ளைதான்."

நியாயம்தான். ஆனாலும் அந்த விரலை மறக்கமாட்டேன்.

பங்குனி 2, ஞாயிறு

கிணற்றடியில் இன்று கால் சறுக்கியது. ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை.

பங்குனி 18, செவ்வாய்

பக்கத்து வளவுக் கந்தப்பு இன்றும் காலை ஆறரைக்கு வேலியடியில் வந்து நின்று பல் விளக்கினான். அவன் நிற்கிற இடம் என் இடம்! எண்பத்திரண்டாம் ஆண்டு ஆவணி மாதம், கட்டினவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, வேலிக் கதியாலை ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளி நட்டவன். தொண்ணூற்றைந்தில் சண்டைக்கு இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரையில்லை. உவன் நட்ட கதியால் மட்டும் தழைத்து நின்றது. அன்று தொடங்கி ஒவ்வொரு காலையும் ஏசுகிறேன். இன்றும் நல்லாய்க் கொடுத்தேன்.

கூட்டடியில் இல்லையே, வேலியடியில்தானே? சட்டம் கூட்டடிக்குத்தான்.

சித்திரை 6, ஞாயிறு

நாரையை உப்பாற்றங்கரையில் விட்டார்கள். காலில் பச்சை வளையம். மற்ற நாரைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றதாம். கஜானி அழுதாள்.

சித்திரை 8, செவ்வாய்

வந்துவிட்டது. விடிய, வேலியடியில், எனக்கு முன்னால் நிற்கிறது!

எனக்கு உடனே விளங்கியது. கந்தப்புதான் வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் மீன் எறிந்து பழக்கியிருக்கிறான். ஊர் கேட்கச் சொன்னேன். அவன் சொல்கிறான்: "பூரணமக்கா, நான் மச்ச மாமிசம் விட்டுப் பதினொரு வருசம். மீனுக்கு எங்கை போவன்?"

நான் ஏச ஏச நாரை கிட்டக் கிட்ட வந்து சொண்டைத் திறந்தது. கஜானி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மம்மா, ஆறரைக்கு நான் மீன் வைக்கேக்கை நீங்கள் நாள்தோறும் என்ன செய்தனீங்கள்?"

"உவனை ஏசினனான்."

அவள் தலையில் கைவைத்தாள். "அதுக்கு உங்கடை ஏச்சுத்தான் சாப்பாட்டு மணி."

இன்னொரு முறை மனிசரிடம் வந்தால் ஆயுள் முழுக்கக் கூட்டுக்குள்தானாம். ஒரு மாதத்துக்கு என் குரல் அதன் காதில் விழக்கூடாதாம். என் குரல்! அவன் கதியாலை நட்டதற்கு நான் வாயைக் கட்டவேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

சித்திரை 11, வெள்ளி

நாரையைப் பிடித்துக் கொண்டுபோய் நேற்று மறுபடி உப்பாற்றங்கரையில் விட்டார்கள். இன்று ஆறரைக்குக் கந்தப்பு வந்தான். பல் விளக்கினான். துப்பினான், என் பக்கம். நான் பேசவில்லை.

சித்திரை 14, திங்கள்

வருசப்பிறப்பு. "என்ன பூரணமக்கா, சத்தத்தைக் காணேல்லை? சுகமில்லையோ? ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டோ?" என்று வேலிக்கு மேலால் கேட்கிறான். கண்ணால் ஏசினேன். அது போதவில்லை.

சித்திரை 23, புதன்

காலை வளவுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிப் பூவரசில் இறங்கியது. பச்சை வளையம் தெரிந்தது. கழுத்தை நீட்டி என்னையே பார்க்கிறது. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றேன்.

வேலிக்கு அங்கால் கந்தப்பு. பிரஷ் வாய்க்குள், நுரை நாடியால் வழிகிறது. அவனும் அசையவில்லை. துப்பவுமில்லை.

நாரை எழும்பிப் போய்விட்டது.

வைகாசி 11, ஞாயிறு

பச்சை வளையக்காரி மற்ற நாரைகளோடு நின்று தானே மீன் பிடிக்கிறாளாம். ஆட்களைக் கண்டதும் எழும்பிப் பறக்கிறாளாம். "மாசம் முடிஞ்சுது அம்மம்மா, இனி நீங்கள் ஏசலாம்" என்று கஜானி சிரித்தாள்.

ஆறரைக்கு வேலியடிக்குப் போனேன். ஒரு மாதத்து ஏச்சு நெஞ்சுக்குள் நிற்கிறது. கந்தப்பு பிரஷைக் கையில் எடுத்துக்கொண்டு, "சொல்லுங்கோ அக்கா" என்கிறான். திமிரைப் பார்.

வாயெடுத்தேன். காற்று உப்பாற்றை நோக்கி, பச்சை வளையக்காரி நிற்கிற பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்துவிட்டேன். இன்னும் ஒரு கிழமை, ஏழு நாள் பார்ப்பம். ஒரு முழம் நிலம் எங்கேயும் பறந்து போகாது.