மாமி அமர்ந்த இடத்து வெளிச்சம்

தண்டையார்பேட்டை
14-2-1953

அருமை மகள் சாபிராவுக்கு உன் அத்தா ஸலாம் கூறி எழுதுவது. இறைவன் கிருபையால் இங்கு நானும் உன் அம்மாவும் மாமியும் நலம். கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே நலத்தோடிருக்க ஐவேளையும் இறைஞ்சுகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தணிந்திருக்கிறது. ராயபுரத்தில் வஞ்சிரம் மலிந்து கிடந்தும், நீ இல்லாமல் வாங்க மனம் வரவில்லை என்று குறைப்படுகிறாள்.

உன் பதில் செவ்வாயன்று கிடைத்தது. அதற்கு முன்னர் என் மனம் பட்ட பாட்டை இப்போதுதான் எழுத முடிகிறது. எங்கள் கிடங்கில் சாயம் வெளுக்காதிருக்கப் பகலிலும் சன்னல்களை அடைத்து, நடுவில் தொங்கும் ஒற்றை விளக்கைச் சுற்றி அமர்ந்து பெண்கள் கைலித் துணியில் அறுந்த இழை தேடுவது நீ அறிந்ததே. மாமி பார்த்த கட்டுகளில் மூன்று, பழுதென்று துறைமுகத்திலிருந்து திரும்பிவிட்டன. கண் மங்கியவளை நிறுத்திவிடும்படி முதலாளி அத்தாவுல்லா சாகிபு சொல்ல, கணக்கப்பிள்ளையாகிய நானே, என் தமக்கையாகிய அவளை நீக்கும் கடிதத்தை எழுதி வைக்க வேண்டியதாயிற்று. விதவையாகி இருபது ஆண்டுகளாய் எவர் கையையும் எதிர்பாராமல் உண்பவள். அக்கடிதம் அவளை என்ன செய்யும் என்பதை நான் அறிவேன். ஆயினும் உறவுக்காக நீதியை வளைக்கலாகாதென்ற வேதக் கட்டளைக்கு அஞ்சி, விளக்கில் குறையிருந்தால் மட்டும் அவளைக் காக்கலாம் என்றெண்ணி உன்னிடம் கணக்குக் கேட்டேன்.

விளக்கின் பலம் முந்நூற்றறுபது மெழுகுவர்த்தி. துணிக்கு மேல் ஆறடி உயரம். நடுவிலிருந்து சுவர் எட்டடி. ஒரு மெழுகுவர்த்தி ஓரடி தூரத்தில் தரும் வெளிச்சத்தை ஒன்றெனக் கொண்டு, நடுவிலுள்ள பத்தையும் சுவரோரத்து இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, சராசரி ஆறு என்று நான் போட்டது பிழை என்றும், வெளிவட்டத்தில் தரை அதிகமாதலால் விழும் ஒளி முழுவதையும் பரப்பால் வகுத்தால் நாலரைதான் வரும் என்றும் விளக்கியிருந்தாய். வெண்பாவில் தளை தட்டினால் பொறுக்காத எனக்கு இது தட்டியது தெரியவில்லை. நாலரையாயினும், வேலையிடத்தில் இருக்கவேண்டுமென்று துணி வாங்கும் ஏஜெண்டு கேட்கும் நான்குக்கு மேல்தானே. ஆகவே குற்றம் கண்ணுடையதே என்று நெஞ்சு தளர்ந்தேன். அதற்கடுத்த வரியில்தான் கேட்டிருந்தாய், மாமி எந்த இடத்தில் உட்காருகிறார் அத்தா என்று.

சுவரோரம், மகளே. மூத்தவள் முதுகு சாய்ந்து வேலை செய்யட்டும் என்று எல்லாரும் மரியாதையாக விட்டுக்கொடுத்த இடம். புதிதாய் வந்த பெண்கள்தாம் விளக்கடியில். மாமிக்குக் கிடைத்தது நாலரையும் அன்று, வெறும் இரண்டு.

மறுநாள் காலை அவளை நடுவிடத்துக்கு அழைத்தேன். "நேத்து வந்த பொண்ணுங்களோட என்னிய குந்த வைக்கிறியா, வஹாபு?" என்று சண்டைக்கு வந்தாள். புஷ்பவல்லி என்னும் மீனவப் பெண் ஒரு துணிப்பொதியை உருட்டி வந்து விளக்கடியில் போட்டு, "இந்தா பெரிம்மா, உன் செவுரே இங்க வந்துகீது, சாஞ்சிக்கோ" என்றாள். எழுந்த சிரிப்பில் மாமியும் இறங்கி வந்தாள். முதலாளி முன்னிலையில், திரும்பி வந்த கட்டொன்றைப் பிரித்துக் கொடுத்தோம். ஏழு பழுது காட்டினாள். அத்தோடு விடாமல் புஷ்பவல்லி பார்த்து முடித்த துணியை இழுத்து அதிலும் இரண்டு காட்டினாள். "ஐயே, கண்ணா அது, சல்லடையா!" என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி என் கையிலிருந்த நீக்கக் கடிதத்தை வாங்கிக் கிழித்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனைப் புகழ்ந்தேன். மாமி என்னை விடவில்லை. "கணக்கு கேக்க கொழும்பு வரிக்கும் எழுதினியே, எட்டடி நடந்து வந்து என் பக்கத்துல குந்திப் பாத்தியா?" என்றாள். போய் அந்தச் சுவரோரத்தில் அமர்ந்து ஒரு துணியை விரித்துப் பார்த்தேன்.

சுவரோரத்தில் இப்போது துணி மடிப்பவர்கள் அமர்கிறார்கள். இரண்டாம் விளக்குக்கும் முதலாளி இசைந்துவிட்டார். பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பினேனென்று அன்று முகம் சுளித்தவர்களுள் மாமியும் ஒருத்தி. எழுத்தறியாதவள், உன் கடிதத்தை என்னிடமிருந்து கேட்டு வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

வகுப்பில் பாடம் நடத்துகையில் தொண்டை வறளப் பேசாதே, வெந்நீர் அருந்து. உன் அறிவை இறைவன் பிறர்க்குப் பயன்படுமாறு நிலைநிறுத்துவானாக. இரண்டு விளக்குக்கும் கணக்கை மறவாமல் அனுப்பு. சராசரியைப் பிறகு எழுதலாம், யார் இடத்தில் வெளிச்சம் மிகக் குறைவு என்பதை முதலில் எழுது.

உன் நலம் நாடும் அத்தா,
அப்துல் வஹாப்